திருத்தம்

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
தெருவுக்குத் தெரு பெயர் உண்டு:
தளபதிகள், ஆறுகள், ஓரிரு மரங்கள்.
இந்தப் பக்கம் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து
ஒரே எண்.
வீஷா நாற்பத்து மூன்று.
புவெனோஸ் ஐரிஸ் வரைபடத்தில் சாம்பல் நிறத் திட்டு,
உள்ளே ஒரு கோடுகூடக் கிடையாது.

வேலைக்கு மனுப் போடுகிறவர்கள்
அத்தை வீட்டு விலாசம் எழுதுவார்கள்.
அத்தை இல்லாதவர்கள்
அத்தையையும் சேர்த்து எழுதுவார்கள்.
நானும் எழுதியிருக்கிறேன்.

வானொலி இருப்பது ரொட்டிக்கடைக்கு மேலே.
இரும்பு ஏணி. சுவரெங்கும் முட்டை அட்டை.
ஜூலைக் குளிரில் அடுப்பின் சூடு தரைவழி ஏறிவரும்.
ஜனவரி வெக்கையிலும் விடாமல் ஏறிவரும்.
எரிவாயு லாரி இன்று எந்த முனையில்,
பேருந்தில் கிடந்த அடையாள அட்டை யாருடையது,
ஓடை எத்தனை படி ஏறியிருக்கிறது:
இவைதான் எங்கள் தலைப்புச் செய்திகள்.
ஆறு மணிக்கு ஃபவுஸ்தினாவின் குவாரானி நேரம்.
பேருந்தில் அந்த மொழியைக்
கைக்குள் இருமுவதுபோலப் பேசுகிறவர்கள்
அப்போது சன்னலைத் திறந்து வைப்பார்கள்.

நான் பேசுகிறவன் இல்லை.
குமிழ் திருகுகிறவன்.

செவ்வாய் இரவு எலெயுத்தேரியோ இறந்தார்.
மூச்சுத் திணறல்.
ஆம்புலன்ஸ் வந்தது, பாலத்தடி வரை.
போலீஸ் துணையில்லாமல் உள்ளே வர அதற்கு அனுமதியில்லை.
நாற்பது நிமிடம்
அதன் சிவப்பு விளக்கு எங்கள் கூரைகளைத்
தொட்டுத் தொட்டுத் திரும்பிப் போனது.

காலையில் தொலைக்காட்சி பதினாறு வினாடி தந்தது.
‘வீஷா நாற்பத்து மூன்றில் மேலும் ஒரு சாவு.
கும்பல் மோதலா? விசாரணை.’
பின்னால் ஓடிய படம் வேறெங்கோ, எப்போதோ எடுத்தது.
அதில் குறுக்கே ஓடிய நாய்கூட
எங்கள் நாய் இல்லை.

அன்றிரவு சூல்மா ஒலிவாங்கியை இழுத்து
‘திருத்தம்’ என்றாள்.
கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
வயது அறுபத்தொன்று. டைல் பதிப்பவர்.
மோதல் நடந்தது வாஸ்தவம்தான்,
சிமெண்டுத் தூசிக்கும் அவர் நெஞ்சுக்கும்,
முப்பது வருடமாக.
தெரிந்தவர்கள் மீதியைச் சொல்லுங்கள்.

தொலைபேசி மூச்சுவிடவில்லை.
எனக்கு இரண்டு மூட்டை சிமெண்டு தரவேண்டும், போகட்டும்.
மருத்துவமனைத் தாழ்வாரம் அவர் போட்டதுதான்,
அங்கேதான் அவரைப் படுக்க வைத்திருக்க வேண்டும்.
ரொம்பப் புகழாதே சூல்மா,
சீட்டாட்டத்தில் அந்த ஆள் பச்சைத் திருடன்.
சட்டென்று அறை அடங்கியது.
அடுத்த அழைப்பு மகள் லூர்தெஸ்:
‘சீட்டு விஷயம் உண்மை.
அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.’

விளம்பரம் ஒன்றுகூடப் போடவில்லை நான்.
இரும்புக்கடைக்காரர் மாதக் கடைசியில்
கணக்காகக் காசைக் கழித்துக்கொண்டார்.

பதினொன்றை நெருங்கும்போது ஒரு பெண் குரல்.
தளபதியின் பெயருள்ள தெரு.
எங்கள் கம்பி அதுவரை எட்டும் என்று
எங்களுக்கே தெரியாது.
‘என் சமையலறைத் தரை அவர் போட்டது.
வலது மூலையில் ஒரு டைலில் மட்டும்
பூ தலைகீழாக இருக்கும்.
கேட்டேன்.
ஆள் வந்துபோனது தெரியட்டும் என்றார்.
மாற்றச் சொல்லி அரைக் கூலி பிடித்துக்கொண்டேன்.
அவர் மாற்றவில்லை.
என்னிடம்…
வேறு ஏதோ விலாசம் சொல்லியிருந்தார்.’

சூல்மா பதில் சொல்லவில்லை.
ஒலிபரப்பில் வெறுமை கூடாது,
மூன்று வினாடி தாண்டினால் பாட்டுப் போடவேண்டும்,
எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே விதி அது.
விரல் குமிழின்மேல் இருந்தது.
திருகவில்லை.
கீழே ரொட்டிக்காரர்
நாளைய மாவைத் தூக்கி மேசையில் அறையும் சத்தம்
தரைவழி ஏறி, ஒலிவாங்கியில் ஏறி,
அந்தம்மாவின் சமையலறை வரை
போய்க்கொண்டிருந்தது.